மெருகு கடைசியில் வரட்டும்



காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய வீடு ஒன்றைப் படத்திலாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். உள்ளே படுக்கை, சமையல் மேடை, மேசை ஆகியவை இருக்கும். சில வண்டிகளில் குளியலறைகூட உண்டு. விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம் தன் வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இத்தகைய வண்டிகளுள் எங்கே நின்றாலும் தனியாகத் தெரிவது ஏர்ஸ்ட்ரீம் என்ற வண்டி. வெள்ளி நிறம், மூலைகளே இல்லாத உருண்டை வடிவம், உடலெங்கும் வரிசை வரிசையாக ரிவெட் ஆணிகள். இறக்கையையும் வாலையும் கழற்றி வைத்த ஆகாய விமானம் போல இருக்கும்.

1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் பல, இன்று அமெரிக்காவின் பண்ணைகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் மங்கிப்போய்க் கிடக்கின்றன. அவற்றை விலைக்கு வாங்கிச் சீர்செய்து, மறுபடியும் சாலைக்குக் கொண்டுவருவதில் அந்நாட்டில் பலருக்குப் பெரிய ஈடுபாடு. நல்ல வேலைதான். ஆனால் அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு.

வண்டியை வாங்கியவுடன் மெருகேற்றும் எந்திரத்தைக் கையில் எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி போல ஆகும்வரை தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான தொடக்கம் என்பேன். மெருகு கடைசியில் வர வேண்டும். சில வண்டிகளுக்கு அது வராமலே போனாலும் நட்டமில்லை. முதல் வேலை, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடுவது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை அறிவியலின் துணையோடு பார்ப்போம்.

விமானத்திலிருந்து பிறந்த வண்டி

இந்த வண்டிக்கு விமானத்தின் சாயல் தற்செயலாக வந்ததன்று. ஹாலி பௌலஸ் என்பவர் கிளைடர் விமானங்களை வடிவமைத்தவர். 1927-இல் சார்லஸ் லிண்ட்பர்க் தனியாளாக அட்லாண்டிக் கடலைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம், ரயன் என்ற நிறுவனத்தில் உருவானது. அதைக் கட்டும் பணியில் பௌலஸுக்குப் பங்கு உண்டு. அவரே 1934-இல், அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த ‘ரோடு சீஃப்’ என்ற வீட்டு வண்டியைச் செய்தார். இதே வழியில் வாலி பையம் என்பவர் 1936-இல் ‘கிளிப்பர்’ என்ற ஏர்ஸ்ட்ரீம் வண்டியை வெளியிட்டார். அக்காலத்தில் கடல் தாண்டிப் பறந்த பயணி விமானங்களுக்கு வழங்கிய பெயர்தான் கிளிப்பர்.

பெயர் மட்டுமல்ல, கட்டுமான முறையும் விமானத்தினுடையதே. ஒரு முட்டையை எண்ணிப் பாருங்கள். அதற்குள் எலும்பில்லை, மெல்லிய ஓடே அதன் வலிமை. விமானத்தின் உடலும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே விலா எலும்புகள் போன்ற மெல்லிய சட்டங்கள் உண்டு. ஆனால் அவற்றின் மேல் போர்த்திய தகடும் சேர்ந்தே சுமையைத் தாங்குகிறது. ஏர்ஸ்ட்ரீமின் மேற்கூடும் இதே வகை. அந்தத் தகடு அழகுக்காகப் போட்ட போர்வை அன்று; வண்டியைத் தாங்கும் உறுப்பு.

இந்தக் கூட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? ஏணி போன்ற எஃகு அடிச்சட்டம், அதன்மேல் தரையாகப் பரப்பிய பிளைவுட் பலகை, பலகையின் ஓரத்தின்மேல் அலுமினியக் கூட்டின் அடிவிளிம்பு. மூன்றையும் துளைத்துப் போல்ட்டுகள் போட்டு இறுக்கியிருப்பார்கள். கூடு, பலகை, அடிச்சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றாக இயங்கினால்தான் வண்டி உறுதியாக இருக்கும். நடுவில் இருப்பது மரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அங்கேதான் திரும்பப் போகிறது.

தகட்டின் மேல்தோல்

முதலில் தகட்டைப் பார்ப்போம். அலுமினியம் காற்றில் பட்டவுடனே ஆக்சிஜனோடு சேர்ந்து, தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரும்பின் துருவைப் போல இது உதிர்வதில்லை. இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரம் பல ஆண்டுகள் உழைப்பதும் இந்தப் படலத்தால்தான்.

ஆனால் தூய அலுமினியம் மென்மையானது, விமானத்துக்கு உதவாது. 1906-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வில்ம் ஒரு புதுமையைக் கண்டார். அலுமினியத்தோடு சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று குளிரவைத்தார். அந்தக் கலப்பு உலோகம் நாளாக ஆகத் தானாகவே கடினமாயிற்று. டூராலுமின் என்று பெயர் பெற்ற இந்த வகைக் கலப்பு உலோகங்கள்தாம் உலோக விமானங்களுக்கு வழி திறந்தன.

வலிமை வந்தது, கூடவே ஒரு குறையும் வந்தது. செம்பு கலந்த அலுமினியம் ஈரத்திலும் உப்பிலும் எளிதில் அரிக்கப்படும். இதற்கு 1920களின் இறுதியில் ஒரு வழி கண்டார்கள். வலிமையான கலப்பு உலோகத்தின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை வைத்து, ஒன்றாக உருட்டி ஒரே தகடாக்கினார்கள். அதன் பெயர் ஆல்கிளாட். பழைய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் பலவற்றின் வெளித்தகடு இந்த இனத்தைச் சேர்ந்தது. 2024 என்ற எண்ணால் குறிக்கப்படும், நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகச் செம்பு கலந்த உலோகம் உள்ளே. தூய அலுமினியம் வெளியே.

இந்த மேல்தோல் எவ்வளவு கனம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். தகட்டின் மொத்தக் கனம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். மெல்லிய ஆல்கிளாட் தகட்டில் ஒவ்வொரு பக்கத் தோலும் அதில் நூற்றுக்கு 5 பங்கு. ஆக 0.04 மில்லிமீட்டர். உங்கள் தலைமுடியின் பருமனைவிட இது குறைவாகவே இருக்கும்.

இந்தத் தோல் இரண்டு விதத்தில் காவல் காக்கிறது. ஒன்று, ஈரத்தை உள்ளே விடாமல் மறைக்கிறது. மற்றொன்று இன்னும் சுவையானது. தகட்டில் கீறல் விழுந்து உள் உலோகம் வெளியே தெரிந்தாலும், சுற்றியுள்ள தூய அலுமினியம் தான் முதலில் கரைந்து உள் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் துத்தநாகம் செய்வது இதே தொண்டுதான். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகிறது. எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் அழிகிறது, மற்றது பிழைக்கிறது.

இப்போது மெருகேற்றும் எந்திரத்துக்கு வாருங்கள். நுண்ணிய தேய்ப்புப் பொடி கலந்த பசையைத் தடவி, வேகமாகச் சுழலும் துணிச் சக்கரத்தால் தேய்க்கிறார்கள். துணி கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு மட்டுமன்று; உரிந்து வந்த அலுமினியமும் அதில் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தோலிலிருந்து, திரும்ப வராத ஒரு பகுதி போய்விட்டது! கறையும் குழியும் மறையும்வரை ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் உள் உலோகமே வெளிப்படும். அதன்பின் அந்த இடம் பளபளக்கும். ஆனால் காவல் இழந்து நிற்கும்.

“ஒரு முறை மெருகேற்றினால் குறைவது மிகச் சிறிது; மெருகேறிய தகட்டில் அழுக்கும் தங்காது” என்று மெருகு விரும்பிகள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அறிந்து, அளவோடு, நெடுங்காலத்துக்கு ஒரு முறை செய்தால் தகடு தாங்கும். நான் மறுப்பது மெருகை அன்று. அதற்குத் தரும் முதலிடத்தை.

தண்ணீர் வரும் வழி

வெளித்தகடு மங்கியதால் வீணாய்ப்போன வண்டி குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்ததால் வீணாய்ப்போனவையே மிகுதி. ஜன்னல் ஓரம், கூரையில் உள்ள காற்றுத் துளை, விளக்குகளின் அடிப்பகுதி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பு ஆகிய இடங்களில் அடைப்புப் பசை வைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலில் அது காய்ந்து, வெடித்து, விட்டுப்போகும்.

வெயில் மட்டும் காரணமன்று. 6 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த இரவுக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே தகட்டின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் மாறுவதாகக் கொள்வோம். அலுமினியம் அவ்வளவு நீளத்தில் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு வெப்பமாறுதலுக்கு எஃகு ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர்தான் விரியும். ஏனெனில், ஒரு டிகிரிக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கும், எஃகு 12 பங்கும் நீளுகின்றன. நிழலில் இருக்கும் அடிச்சட்டம் அந்த அளவுக்குக்கூடச் சூடாவதில்லை. ஆகவே இணைப்புகள் நாள்தோறும் இழுபடுகின்றன. நெகிழ்வை இழந்த பசை எத்தனை நாள் தாங்கும்?

உள்ளே புகுந்த நீர் கண்ணில் படுவதில்லை. இந்த வண்டிக்கு வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெப்பம் புகாமல் இருக்கக் கண்ணாடி நார் வைத்திருப்பார்கள். நீர் அந்த நாரை நனைத்து, வெளித்தகட்டின் உட்புறமாகவே வழிந்து, நேரே கீழே போகிறது. அங்கே காத்திருப்பது பிளைவுட் பலகையின் ஓரம்! மரத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வாழ்வில்லை. அதற்கு மேல் ஏறி, பல நாள் அப்படியே நீடித்தால் பூஞ்சை வேரூன்றும். ஓரம் கேக்கைப் போல உதிரும்.

இனி, மூன்றையும் துளைத்துப் போட்ட போல்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருந்த மரம் மக்கிவிட்டால் அவை எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்? கூடும் அடிச்சட்டமும் பிரிகின்றன. பெரும்பாலும் இது பின்கோடியில் நிகழ்கிறது. அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் அடிச்சட்டம், சாலையின் ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் ஆடுகிறது அல்லவா?

இதைக் கண்டுபிடிக்கப் பழைய வண்டி வாங்குவோர் ஓர் எளிய சோதனை செய்வார்கள். ஒருவர் பின்பக்க பம்பரின்மேல் ஏறி நின்று உடலை மேலும் கீழும் அசைப்பார். மற்றொருவர், பம்பரும் கூடும் சேரும் இடத்தைக் கூர்ந்து பார்ப்பார். இரண்டும் சேர்ந்தே அசைந்தால் நல்லது. பம்பர் மட்டும் கீழே போய்க் கூடு அசையாமல் நின்றால், உள்ளே மரம் போய்விட்டது என்று பொருள். கருவி எதுவும் தேவையில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல், அந்த வண்டியைக் கண்ணாடி போல மெருகேற்றிச் சாலையில் இழுத்துப் போவது எத்தகைய செயல்? பின்னால் வரும் பேருந்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நீரின் தீமை மரத்தோடு முடிவதில்லை. எஃகுச் சட்டமும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், நாம் முன்பு கண்ட அதே மின்கலம் இங்கேயும் உருவாகும். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். அலுமினியம் வெண்பொடியாக உதிர்கிறது. இரும்பு தன் பங்குக்குத் துருப்பிடிக்கிறது. புதிய தகட்டைப் போட்டுவிட்டால் மட்டும் இது தீராது. இரண்டுக்கும் நடுவே வண்ணப்பூச்சோ, நீர் உறிஞ்சாத பட்டையோ வைத்துப் பிரித்தால்தான் தீரும். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றினால், சில ஆண்டுகளில் அதே இடத்தில் அதே நோய் திரும்பும்.

எது முதலில், எது பிறகு?

ஆகையால் என் வரிசை இது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த இடத்தில் என்ன இருந்தது, எந்த ஆணி எங்கிருந்து வந்தது என்று படத்தோடு குறித்துவைக்க வேண்டும். அடுத்து, குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக அடித்து, ஒழுகும் இடங்களைக் கண்டு அடையாளம் இட வேண்டும். மேலிருந்து தொடங்கினால், வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து உங்களை ஏமாற்றிவிடும். பிறகு உள்தகட்டைக் கழற்றி நாரை எடுப்பது. பழைய நாரில் எலிகள் குடியிருந்திருக்கும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. பின்னர் தரையும் அடிச்சட்டமும். தேவையானால் கூட்டையே தனியாகத் தூக்கி வைத்துவிட்டு இவற்றைச் சீர்செய்ய வேண்டும்.

ரிவெட் அடிப்பதற்கு முறையான வழி இருவர் சேர்ந்து செய்வது. வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் ரிவெட்டின் தலையைத் தட்டுகிறார். உள்ளே ஒருவர் கனத்த எஃகுக் கட்டையை அதன் வாலில் அழுத்திப் பிடிக்கிறார். வால் நசுங்கி அகலும்போது ரிவெட்டின் உடலும் பருத்துத் துளையை நிரப்புகிறது. விமானத் தொழிற்சாலையில் செய்ததும் இதுவே. உள்தகட்டைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பொருத்தும் வகை ரிவெட்டுகளும் உண்டு. சிறு பழுதுக்கு அவை போதும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பை அவை தருவதில்லை.

எல்லா விளிம்பையும் நெகிழும் பசையால் அடைத்து, மறுபடியும் நீர் அடித்துப் பார்த்து, ஒரு சொட்டும் வரவில்லை என்று உறுதியான பிறகு மெருகைப் பற்றிப் பேசலாம்.

உருக்கிவிடலாமே?

உங்களுள் சிலர் கேட்கக்கூடும்: “இத்தனை பாடு எதற்கு? அலுமினியத்தை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளலாமே?” நியாயமான கேள்வி. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய உலோகத்தை உருக்கினால் அந்த ஆற்றலில் நூற்றுக்கு 5 பங்கு அளவே போதும். ஆனாலும் கணக்கு அங்கே முடிவதில்லை. ஒரு சதுர மீட்டர் தகட்டின் எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். அதைத் தயாரிக்க ஏற்கெனவே 30 யூனிட் செலவாகிவிட்டது. உருக்கினால், உள்ளே கலந்த செம்பை எளிதில் பிரிக்க முடியாது. தூய மேல்தோலும் அதோடு கலந்து மறைந்துவிடும். தகட்டை வளைத்த கைகளின் உழைப்பும் போய்விடும். நன்றாக இருக்கும் பொருளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதே சிறந்த சிக்கனம். பழுதுபார்க்க இயலாத தகட்டைத்தான் உலைக்கு அனுப்ப வேண்டும்.

பழமையைக் காப்பதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. 1969 ஜூலையில் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்டிரின், காலின்ஸ் மூவரையும், நிலவின் கிருமி ஏதேனும் தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தால் தனிமையில் வைத்தார்கள். அவர்களை முதலில் வைத்திருந்த அறை, மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீம் வண்டிதான்! வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, வெளியேறும் காற்றை வடிகட்டினார்கள். அந்த வண்டி இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான, விண்வெளி அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. அதன் ஒவ்வொரு கீறலும் வரலாற்றுச் சான்று. அதைத் தேய்த்து அழிப்பது குற்றம். சாலையில் ஓடும் வண்டியோ முதலில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அதில் மக்கிய பலகையை ‘பழமை’ என்று விட்டுவைப்பது குற்றம். இரண்டிலும் பளபளப்புக்கு முதலிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குவளையில் உப்பு நீர் எடுத்து, தேய்த்துச் சுத்தம் செய்த அலுமினியத் துண்டு ஒன்றையும் செம்புக் கம்பி ஒன்றையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். பள்ளியில் உள்ள வோல்ட்மீட்டரை இரண்டுக்கும் இடையே இணையுங்கள். ஏறத்தாழ அரை வோல்ட் காட்டும். பிறகு மீட்டரை எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துச் சில நாள் விட்டு வையுங்கள். எந்த உலோகம் அரிக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாளை உங்கள் கைக்குப் பழுதுபார்க்க வருவது சைக்கிளாக இருக்கலாம், நீர் இறைக்கும் மோட்டாராக இருக்கலாம், பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியாகவும் இருக்கலாம். வண்ணமும் மெருகும் வாங்கக் கடைக்குப் போகுமுன், “இது எதனால் கெட்டது?” என்று ஒரு தாளில் எழுதி, அதற்கு விடை கண்டுபிடியுங்கள். அந்த விடை கிடைத்த பிறகு கடைக்குப் போனால் போதும்.